சிவப்பு மூடி இடது பக்கம்

சிரிப்பு வந்தால் சிலர் தொடையைத் தட்டுவார்கள். சிலர் பக்கத்தில் இருப்பவரின் முதுகைத் தட்டுவார்கள். டிரில் டீச்சர் வலது கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொள்வார். கொசு அடிக்கக்கூட யாரும் அத்தனை வேகமாகக் கையைத் தூக்கியிருக்க மாட்டார்கள். சிரிப்பு உதட்டுக்கு வருவதற்குள் கை அங்கே போய்க் காவலுக்கு நின்றுவிடும்.

காரணம் ஈறு. டீச்சருக்குப் பல் சின்னது, ஈறு பெரியது. சிரித்தால் மேலுதடு ஏறிக்கொண்டு ஈறு முழுதாக வெளியே வரும். இதில் ஒரு குற்றமும் இல்லை. உலகத்தில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான், அவர்களும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் டீச்சர் சின்னப் பெண்ணாக இருந்தபோது, குடும்பமே கூடி நின்று போட்டோ எடுத்த ஒரு நாளில், ஒரு சித்தப்பா எல்லார் எதிரிலும் சொன்னார்: "இந்தப் பொண்ணு சிரிச்சா பல்லுக்கு முன்னாடி ஈறு வந்து வணக்கம் சொல்லுது." கூட்டம் சிரித்தது. சித்தப்பா சொன்ன கையோடு அதை மறந்திருப்பார். இந்த ரகத்து ஆட்கள் அப்படித்தான், போகிற போக்கில் ஒன்றை எறிந்துவிட்டுப் போவார்கள், சுமக்கிறவர்கள் ஆயுசுக்கும் சுமக்க வேண்டும். அந்தப் போட்டோவில்தான் டீச்சரின் கை முதல்முதலாக வாய்க்குப் போனது. அதற்குப் பிறகு எடுத்த எந்தப் போட்டோவிலும், கல்யாணப் போட்டோ உட்பட, கை இருக்கிறது அல்லது உதடு பூட்டியிருக்கிறது.

டீச்சர் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவர். காலையில் மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உடற்பயிற்சி நடத்துவதும் அவர்தான். அதனால்தான் டிரில் டீச்சர் என்று பெயர். ஆறு வயதுப் பிள்ளைக்கு இடது எது, வலது எது என்று வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. எதிரில் நிற்கும் டீச்சர் எந்தப் பக்கத்துக் கையைத் தூக்குகிறாரோ அந்தப் பக்கத்துக் கையைத் தானும் தூக்கும். ஆகவே டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். "இடது கை மேலே" என்று சொல்லிவிட்டுத் தன் வலது கையைத் தூக்குவார். எதிரில் நிற்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சரியாக இடது கையைத் தூக்குவார்கள். நல்ல உத்திதான். பிள்ளைகள் ஒரு வாரத்தில் இடது வலது கற்றுக்கொண்டார்கள். வருஷக்கணக்கில் இதையே செய்ததில் டீச்சருக்குத்தான் இடது வலது போயே போய்விட்டது.

நிதானமாக யோசித்தால் சரியாகச் சொல்வார். யோசிக்காமல் செய்தால் தலைகீழ். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, "லெஃப்ட்ல திருப்புங்க," என்று சொல்லிக்கொண்டே வலது கையை நீட்டுவார். கணவர் ஒரு தடவை சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நான் உன் வாயை நம்பறதா, கையை நம்பறதா?"

"கையை நம்புங்க."

அன்றிலிருந்து வீட்டில் அதுதான் சட்டம். டீச்சர் சொல்வதைக் கேட்காதே, கையைப் பார்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிக் கட்டடங்கள் அவர் புண்ணியத்தில்தான் ஏறி இறங்குகின்றன. "எனக்கு மேல, கீழ மட்டும்தான் தெரியும். இடது வலது உன் டிபார்ட்மென்ட்," என்பார். பேச்சில் அவருக்குப் பெரிய நம்பிக்கை. தான் வாயைத் திறந்தால் சிரிக்காதவர் யாரும் இல்லை என்று நினைப்பு, அதில் முக்கால்வாசி உண்மையும்கூட. ஆனால் இத்தனை வருஷம் சிரிக்க வைத்தும் மனைவியின் சிரிப்பை அவர் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் ஒரு கையும், அதற்கு மேலே கலங்கிய இரண்டு கண்களும்தான். இதை அவர் வேடிக்கையாகவும் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் பல் மருத்துவக் கல்லூரியின் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டவர் ஒரு இளம் டாக்டர், ஈறு வைத்தியத்தில் மேல்படிப்புப் படிக்கிற பெண். மெக்கானிக் கதவை ஒரு சாண் திறந்து, அந்த இடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்தார். உள்ளே இருப்பவர் பயப்படக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம். டாக்டருக்கு லிஃப்ட் நின்றதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது.

"எனக்கு ஆளே கிடைக்க மாட்டேங்குதுங்க."

"எதுக்கு டாக்டர்?"

"அதிகமா தெரியற ஈறை அளவா வெட்டிச் சரிபண்ணுவோம். அப்புறம் இடது பக்கப் புண்ணுல ஒரு ஜெல், வலது பக்கப் புண்ணுல இன்னொரு ஜெல் தடவணும். எது சீக்கிரம் ஆத்துதுன்னு பாக்கறதுதான் என் ஆராய்ச்சி. ஒரே வாய்ல ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் நியாயமா இருக்கும். வைத்தியம் இலவசம். ஆனா அழகுக்காக வாயை வெட்டிக்க யாரு வருவா?"

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அளவுன்னா எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டார். லிஃப்ட் சரியான பிறகும் டாக்டர் கொஞ்ச நேரம் உள்ளேயே நின்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வாயைப் பத்தி லிஃப்ட் இடுக்குல நின்னு பேசினீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். பாத்திரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சத்தம் போட்டன. மறுநாள் காலை, செருப்பு மாட்டிக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "வலிக்குமா?" என்றார்.

"மரத்துப்போற ஊசி போடுவாங்களாம்."

"நான் வலிக்குமான்னு மட்டும்தான் கேட்டேன். போறேன்னு சொல்லல."

அந்த வார இறுதியில் போனார்.

போனவர் நாற்காலியில் சாய்ந்து, விளக்கு முகத்தில் விழுந்ததும், டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுக்கப்புறம் நான் கையை எடுத்துட்டுச் சிரிக்கலாமா?" டாக்டர், "தாராளமா," என்றார். டீச்சருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அழகெல்லாம் இரண்டாம் பட்சம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முழுதாகச் சிரித்துப் பார்க்க வேண்டும்.

வெட்டி முடிந்து வாய் மரத்துக் கிடக்கையில் டாக்டர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு ட்யூப்களைக் காட்டினார். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, ஒன்றுக்கு நீல மூடி. ஒன்றில் இருப்பது வெளியே வாங்கிய ஜெல், மற்றதில் இருப்பது கல்லூரி மருந்தகத்திலேயே கலக்கியது. எந்த மூடிக்குள் எது என்பது ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பெரிய டாக்டருக்கு மட்டும் தெரியும். தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா, அதனால் இவருக்கே சொல்லவில்லை.

"சிவப்பு மூடி இடது பக்கம். நீல மூடி வலது பக்கம். காலையும் ராத்திரியும் கண்ணாடி முன்னாடி நின்னு பஞ்சுக் குச்சியால மெதுவா தடவணும். மாறிடக் கூடாது டீச்சர். மாறிட்டா ஆராய்ச்சியே போச்சு."

டீச்சர் தலையை ஆட்டினார்.

"காரம் வேண்டாம், சூடு வேண்டாம். முக்கியமா ஒரு வாரம் பலமா சிரிக்கக் கூடாது. உதடு இழுத்தா தையல் விட்டுப் புண்ணு பிரிஞ்சிடும்."

வாய்விட்டுச் சிரித்தால் நோய் விட்டுப் போகும் என்பார்கள். இங்கே வாய்விட்டுச் சிரித்தால் தையல் விட்டுப் போகும் என்கிறார் டாக்டர். மெக்கானிக்கின் பக்கம் திரும்பி, "நீங்கதான் பொறுப்பு," என்றும் சொன்னார். மெக்கானிக்குக்கு அது தன் திறமைக்குக் கிடைத்த பாராட்டாகத்தான் பட்டது.

டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புப் போட்டார். வீட்டில் நகைச்சுவைக்கும் விடுப்பு. மெக்கானிக் அந்த வாரம் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஒவ்வொரு விஷயத்துக்கும் நாக்கு நுனியில் ஒன்று வந்து நிற்கும், விழுங்குவார். முகத்தைத் துக்க வீட்டுக்குப் போகிறவர் போல வைத்துக்கொண்டு, "உருளைக்கிழங்கை இன்னும் மசிக்கணுமா?" என்று கேட்பார். பழகிய கோமாளி திடீரென்று கம்பீரமாக நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? டீச்சருக்கு அவர் ஜோக் சொன்னபோது வந்ததைவிட இப்போதுதான் அதிகமாகச் சிரிப்பு வந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு, கையால் வேறு பொத்திக்கொண்டு, "தயவுசெஞ்சு வேற ரூம்ல போய் சீரியஸா இருங்க," என்றார்.

மாடியில் நாத்தனார் இருந்தார், மெக்கானிக்கின் அக்கா. அவர் தினம் சாயங்காலம் டார்ச்சோடு இறங்கி வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தம்பி மனைவியின் வாயை ஆராய்வார். தபால் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் இரண்டாகப் பிரித்து ஒரு முடிவு சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

"சிவப்புதான் ஜெயிக்கும்."

"எப்படி அண்ணி சொல்றீங்க?"

"இடது பக்கம் பாரு, எப்படி வாடிப் போய் ஒட்டிக்கிச்சு. வலது பக்கம் இன்னும் செவசெவன்னு கோவமா இருக்கு. நான் மொத நாளே சொன்னேன், சிவப்புன்னா அதுக்கு ஒரு வேகம் இருக்கும்."

மெக்கானிக் நீலக் கட்சி. அக்கா எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது அவருக்குச் சின்ன வயதுப் பழக்கம். "நீலம் நிதானமா ஆத்தும், ஆனா உறுதியா ஆத்தும்," என்றார். மருந்தைப் பற்றி இருவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாத விஷயத்தில்தானே சண்டை போட வசதி அதிகம். நடுவில் டீச்சர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பார், பதில் சொல்லவும் வழியில்லாமல்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். ஈறுப் புண்ணுக்கு வேண்டுமே. அங்கேதான் வந்தது வினை.

ஒரு காலை டீச்சர் வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் நின்று, சிவப்பு மூடியைத் திறந்து, பஞ்சுக் குச்சியில் ஜெல் எடுத்து, ஒரு விரலால் உதட்டைத் தூக்கிப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஷேவிங் செட் எடுக்க வந்தவர் அப்படியே நின்றார்.

"அது எந்த மூடி?"

"ஹிவப்பு," என்றார் டீச்சர், உதட்டை விடாமல்.

"சிவப்பு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"நீ இப்போ தடவறது?"

"இடது பக்கம்தான்."

"அது வலது பக்கம்."

டீச்சர் குச்சியை வெளியே எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். "எதிர்ல நிக்கிறவளுக்கு இது இடது பக்கம்தானே?"

"எதிர்ல நிக்கிறவ யாரு?"

டீச்சர் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்தவளும் டீச்சரைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றார் டீச்சர்.

மெக்கானிக்கின் நாக்கு நுனியில் அந்த ஒரு நிமிஷத்தில் எத்தனை ஜோக் வந்து நின்றதோ கடவுளுக்குத்தான் தெரியும். மனுஷன் ஒன்றையும் வெளியே விடவில்லை. ஷேவிங் செட்டை மறந்துவிட்டுக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

கண்ணாடி முன்னால் போய் நின்றதும் எதிரே ஒரு முகம். எதிரே முகம் என்றால் அது பிள்ளை. பிள்ளைக்கு இடது என்றால் டீச்சருக்கு வலது. முதல் நாளிலிருந்து ஒரு வேளை தவறாமல், சிவப்பு வலது பக்கத்துக்கும் நீலம் இடது பக்கத்துக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இந்த உலகத்தில் வேறு யார் வாயிலும் இந்தத் தவறு இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்காது.

நாத்தனாரிடம் சொன்னார்கள். இடது பக்கம்தான் சீக்கிரம் ஆறுகிறது, ஆனால் அங்கே தடவியது நீலம். நாத்தனார் ஒரு கணமும் தயங்கவில்லை. "நான் இடது பக்கம்னுதானே சொன்னேன். கலரா முக்கியம்?" என்றார். நீலக் கட்சிக்கு வெற்றி கிடைத்தும் மெக்கானிக்கால் அதைக் கொண்டாட முடியவில்லை, மனைவியின் முகம் அப்படி இருந்தது.

"சொல்லாம விட்டுட்டா என்ன? புண்ணு எப்படியும் ஆறிடுச்சு," என்றார் நாத்தனார்.

"அந்தப் பொண்ணு பாவம் அண்ணி. இல்லாததை இருக்குன்னு எழுதி வெச்சிடும். நாளைக்கு அதை நம்பி நாலு பேரு வாய்ல தடவுவாங்க."

பயம் டீச்சருக்கு இல்லாமல் இல்லை. ஆராய்ச்சியைக் கெடுத்தவர் என்று விரட்டிவிடுவார்களோ, கடைசிக் கட்டத்தில் சரிபார்க்காமல் அனுப்பிவிடுவார்களோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார். டாக்டர் முகமூடி போட்டிருந்தார். விஷயத்தைக் கேட்கக் கேட்க முகமூடிக்கு மேலே இருந்த கண்கள் முதலில் பெரிதாகின, பிறகு மூடிக்கொண்டன.

"எல்லா வேளையும் கண்ணாடி பாத்துத்தான் போட்டீங்களா?"

"ஆமா டாக்டர்."

"ஒரு வேளையாவது சரியா போட்டீங்களா?"

"இல்ல டாக்டர். ஒரு வேளைகூடச் சரியா போடல."

டாக்டர் கண்ணைத் திறந்தார். "அப்பாடா," என்றார். "பாதி சரி பாதி தப்புன்னா உங்களை ஆராய்ச்சியில இருந்து எடுத்திருப்பேன். முழுசும் தப்புன்னா ஒண்ணும் கெட்டுப்போகல, பக்கத்தை மாத்தி எழுதிக்கலாம். பெரிய டாக்டர்கிட்டயும் சொல்லிடறேன்." பிறகு திடீரென்று வேறொரு பயம் வந்து, ஆராய்ச்சியில் இருந்த மற்றவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராக போன் போட்டு, "சிவப்பு எந்தப் பக்கம் போடறீங்க? அந்தப் பக்கத்துக் கையைத் தூக்குங்க," என்று கேட்க ஆரம்பித்தார். போனில் கையைத் தூக்கினால் எப்படித் தெரியும் என்று அவருக்கு நான்காவது ஆளிடம்தான் உறைத்தது.

எல்லாம் முடிந்து டாக்டர் டீச்சரின் வாயைப் பார்த்தார். இரண்டு பக்கமும் அழகாக ஆறியிருந்தது. பல் முழுதாகத் தெரிந்தது, ஈறு ஒரு மெல்லிய ஓரமாக ஒதுங்கி நின்றது. டாக்டர் கண்ணாடியைக் கொடுத்தார். டீச்சர் வெகுநேரம் பார்த்தார். தன் பல்லை முதல்முறையாகப் பார்க்கிறவர் போல இருந்தது. உண்மையில் அப்படித்தான்.

"இப்போ ஒரு போட்டோ. நல்லா சிரிங்க," என்றார் டாக்டர்.

டீச்சர் சிரித்தார். கை வாய்க்குப் போயிற்று.

"கையை எடுத்துட்டு, டீச்சர்."

எடுத்தார். சிரிப்பும் போய்விட்டது. மறுபடி சிரிப்பு வந்தது, கையும் கூடவே வந்தது. டாக்டர் ஒரு கையில் கேமராவும் மறு கையில் டீச்சரின் மணிக்கட்டுமாக நின்று பார்த்தார். மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஜோக் சொல்லச் சொன்னார். ஒரு வாரமாகத் தேக்கி வைத்திருந்ததையெல்லாம் அவர் மடை திறந்தது போலக் கொட்டினார். டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தார், அடுத்த நாற்காலியில் வாயில் பஞ்சோடு கிடந்தவர்கூட ஒரு மாதிரி சிரித்தார். டீச்சரும் தோள் குலுங்கச் சிரித்தார், பொத்திய கைக்குப் பின்னால். கடைசியில் உதட்டைக் கருவியால் விலக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதில் ஈறு இருந்தது, சிரிப்பு இல்லை.

ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது டீச்சர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு முனையில், "ஈறுக்கு ரெண்டு ஜெல் வெச்சிருக்காங்க. கைக்கு ஒண்ணும் இல்ல," என்றார். மெக்கானிக்குக்கு இதற்கும் சொல்ல ஒன்று இருந்தது. சொல்லவில்லை. இந்தத் தடவை டாக்டர் தடுத்ததால் அல்ல, அவருக்கே சிரிப்பு வரவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நாத்தனார் மாடியிலிருந்தே தீர்ப்புச் சொன்னபோது, "அக்கா, நீ டார்ச்சை அணைச்சிட்டு உள்ள போ," என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை டீச்சர் பள்ளிக்கூடம் போனார். விடுப்பில் இருந்தபோது வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேறு பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். அவர் அன்றைக்குப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பிள்ளைகள் சமர்த்து என்றார், எழுத்து நன்றாக இருக்கிறது என்றார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகு, "ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன்," என்றார்.

"கேளுங்க டீச்சர்."

"உங்க கிளாஸ் பிள்ளைங்க ஏன் எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறாங்க?"

"எல்லாருமா?"

"ஒருத்தர் பாக்கியில்ல. நான் ஒரு கதை சொன்னேன், சிரிச்சாங்க, அத்தனை கையும் வாய்க்குப் போச்சு. அதுலயும் எல்லாம் இடது கை. பக்கத்து செக்‌ஷன்ல அப்படி இல்லையே. நீங்க ஏதாவது ஒழுக்கம்னு சொல்லிக் குடுத்தீங்களோன்னு நெனச்சேன்."

டீச்சர் நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தார், அதற்குள் உறைத்தது. இடது கை. தான் பொத்துவது வலது கையால். எதிரில் நிற்கும் பிள்ளைக்கு அது இடது. இத்தனை வருஷமாக அந்த வகுப்பில் வந்து உட்கார்ந்து, படித்து, பெரிய வகுப்புக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் எல்லாரும் கூடவே இதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சித்தப்பா ஒருவர் ஒருநாள் சொன்ன ஒரு வார்த்தையை, அவரைப் பார்த்தே இராத பிள்ளைகளின் முகத்தில் தானே கொண்டுபோய் ஒட்டிவிட்டோம் என்று டீச்சருக்குத் தோன்றியது. அதுவரை பிள்ளைகள் சிரிக்கும்போது அவர் அவர்களைச் சரியாகப் பார்த்ததே இல்லை. சிரிப்பு வந்ததும் தலையைக் குனிந்துகொள்கிறவருக்கு எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று எப்படித் தெரியும்?

மணி அடித்தது. டீச்சர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்.

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், ஒன்றாம் வகுப்பு முதல் வரிசையில். அந்த நேரம் பார்த்து மெக்கானிக் வாசல் வழியாக வந்தார். புண் ஆறியிருந்தாலும் இன்னும் சில நாள் தடவ வேண்டிய ட்யூப்களை டீச்சர் காலை வேளை தடவாமல் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார், கொடுத்துவிட்டுப் போக வந்தார். இந்தத் தடவை சிவப்பு ட்யூபில் ஒரு கயிறு கட்டி, டாக்டர் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டதால் அதை டீச்சரின் வலது மணிக்கட்டில் கட்டிவிடலாம் என்று யோசனையும் வைத்திருந்தார். பயிற்சி நடக்கும்போது மைதானத்தில் யாரும் குறுக்கே நடக்கக் கூடாது என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். "யாரா இருந்தாலும் வரிசையில நில்லுங்க," என்றார் டீச்சர். மெக்கானிக் இரண்டு ட்யூப்களையும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஒன்றாம் வகுப்பு வரிசையின் ஓரத்தில், பக்கத்துப் பிள்ளையின் தலை தன் இடுப்புக்கு வரும்படி நின்றார்.

"இடது கை மேலே," என்று சொல்லி டீச்சர் வலது கையைத் தூக்கினார்.

பிள்ளைகள் அத்தனை பேரும் இடது கையைத் தூக்கினார்கள். மெக்கானிக் வீட்டுச் சட்டப்படி வாயை நம்பாமல் கையை நம்பி, வலது கையைத் தூக்கினார். பக்கத்தில் நின்ற சிறுமி அவர் சட்டையை இழுத்து, "அங்கிள், தப்பு," என்றாள். மெக்கானிக் கையை மாற்றினார். அதற்குள் டீச்சர், "வலது கை மேலே," என்று சொல்லி இடது கையைத் தூக்கிவிட்டார். மெக்கானிக் தூக்கியிருந்தது இடது கை. தான் இப்போது சரியாக இருப்பதாக நினைத்து டீச்சரைப் பார்த்துப் பெருமையாகத் தலையை ஆட்டினார். சிறுமி மறுபடி சட்டையை இழுத்தாள். அவர் குழம்பிப் போய் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, திருடன் பிடிபட்டது போல நின்றார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் விசேஷம். வாழ்நாளில் முயற்சி செய்யாமல் அவர் சிரிக்க வைத்தது அன்றைக்குத்தான்.

வரிசையில் ஒரு கிளுகிளுப்பு எழுந்தது. டீச்சருக்கும் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி வந்தது. வலது கை தன் பாட்டுக்குக் கிளம்பியது. கை மார்பளவுக்கு வந்தபோது டீச்சர் இந்தத் தடவை தலையைக் குனியவில்லை, நேரே பார்த்தார். எதிரே முதல் வரிசையில் அத்தனை இடது கைகளும் மேலே வந்துகொண்டிருந்தன.

டீச்சர் விசிலை ஊதினார்.

"கை ரெண்டும் இடுப்புல."

அது பிள்ளைகளுக்குப் பழகிய கட்டளை. கைகள் வழியிலேயே திரும்பி இடுப்புக்குப் போயின. டீச்சரின் கைகளும் போயின. கட்டளை கட்டளைதான், சொன்னவருக்கும் சேர்த்து. ஆனால் சிரிப்புக்கு யாரும் கட்டளை போடவில்லை, அது வந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஆறு வயது, முன்பல் விழுகிற வயது. வரிசை முழுக்க வெறும் ஈறு, அங்கங்கே ஒரு பல். யாரும் எதையும் மறைக்கவில்லை, மறைக்க ஒன்று இருக்கிறது என்று யாருக்கும் தெரியவும் இல்லை. டீச்சர் அவர்களைப் பார்த்துச் சிரித்தார், சத்தமாக, இடுப்பில் வைத்த கையை எடுக்காமல், கண்ணில் தண்ணீர் வழிய. இத்தனை அழகான ஈறுகளை வெட்ட ஒரு ஆராய்ச்சியா என்றுகூட அவருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

வரிசையின் ஓரத்தில் பக்கத்துச் சிறுமி மெக்கானிக்கின் சட்டையை மூன்றாம் தடவையாக இழுத்தாள். "அங்கிள், இடுப்புல," என்றாள். மெக்கானிக் காதில் அது விழவில்லை. இரண்டு கைகளையும் தூக்கியது தூக்கியபடி, கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு, தன் மனைவி சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.